மாரடைப்பும் சில 'கூடாது'களும்

போன மாதம் எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஒரு மராத்திப் பையனின் அப்பாவுக்கு மாரடைப்பு. விடியற்காலையில் வலி, ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரி, மூன்றாம் நாள் வராந்தாவில் நடை, ஆறாம் நாள் வீடு. பையன் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டான். அன்று இரவு அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது அம்மாவால் நம்பவே முடியவில்லை. "மூணாம் நாளே நடக்க விட்டாங்களா? எங்கப்பாவை ஒன்றரை மாசம் கட்டிலை விட்டு இறங்க விடலையேடா!" என்றார்.

அம்மா சொல்வது 1966-ல் நடந்தது. தாத்தாவுக்கு மாரடைப்பு வந்து ஒன்றரை மாதம் மல்லாந்து படுத்திருந்தாராம். சாப்பாடு ஊட்டிவிட வேண்டும், முகம் துடைத்துவிட வேண்டும், பெட்பேன்தான். ஒரு நாள் தானே எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துவிட்டார் என்று வீட்டில் பெரிய ரகளையே நடந்ததாம்.

தாத்தாவுக்கு ஒன்றரை மாதம். என் அப்பாவுக்கு 2008-ல் பத்து நாள். இப்போது ஆறு நாள். நடுவில் என்னதான் நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நமக்கும் மருத்துவத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. பி.காம். படித்துவிட்டு கடன் மனுக்களைப் புரட்டுகிற ஆசாமி. ஆனால் பழைய லெட்ஜரைப் புரட்டி எந்த வருஷம் எந்த எண்ட்ரி தப்பாகப் போடப்பட்டது என்று கண்டுபிடிப்பது நமக்குக் கைவந்த கலை இல்லையா? அப்படிப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. மாரடைப்பு வைத்தியத்தின் சரித்திரம் என்பது சில 'கூடாது'களின் சரித்திரம். ஒவ்வொரு 'கூடாது'க்கும் அந்தந்தக் காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் தப்பென்று தெரிய வருவதற்குள் நிறையப் பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அப்படிக் குறைத்ததால் எங்கள் வீட்டில் என்ன ஆனது என்பதும் கீழே வருகிறது.

முதல் கூடாது: எழுந்து உட்காரக் கூடாது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மாரடைப்பு என்றால் உடனே சாவு என்றுதான் டாக்டர்களே நினைத்தார்கள். பிழைத்துக்கொண்டவர்களுக்கு வந்தது அஜீரணம் என்று எழுதிவிடுவார்கள். (நம் ஊர் 'வாயுப் பிடிப்பு' அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது!) 1912-ல் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைத்துக்கொண்டாலும் மனிதன் பிழைக்கலாம் என்று எழுதினார். முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதன்பின் ஈ.சி.ஜி. பழக்கத்துக்கு வர வர, அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

பிழைக்கலாம் என்றால், பிழைக்க வைப்பது எப்படி? ஹெரிக் சொன்ன வழி ஓய்வு. ரத்தம் கிடைக்காத தசை செத்துப்போய், அந்த இடத்தில் தழும்பு உண்டாகிக் கெட்டிப்பட வேண்டும். அதற்குப் பல வாரங்கள் ஆகும் என்பதை இறந்தவர்களின் இதயங்களைச் சோதித்து 1930களில் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் இதயத்துக்கு வேலையே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் புண் இருக்கும் இடம் கிழிந்துவிடும் என்று பயம். ஆக, ஆறு வாரம் அசையாமல் படுக்கை. கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது?

இதில் முக்கால்வாசி வேலை நர்ஸுகளுடையது. ஊட்டுவது, துடைப்பது, புரட்டிவிடுவது, மார்ஃபின் ஊசி போடுவது, யாரையும் உள்ளே விடாமல் காவல் இருப்பது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் நோயாளிகள் இறந்தார்கள். அதில் பலர் இதயக் கோளாறால் இறக்கவில்லை. படுத்தே கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தார்கள். படுக்கைப் புண், நிமோனியா, மனச்சோர்வு எல்லாம் தனிக் கணக்கு.

பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் லெவைன் என்ற மூத்த டாக்டருக்கு இதில் சந்தேகம் வந்தது. பெர்னார்ட் லௌன் என்ற இளம் டாக்டரைச் சேர்த்துக்கொண்டு, மாரடைப்பு நோயாளிகளைச் சீக்கிரமே தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்கள் பதறினார்கள், கொலை என்றே நினைத்தார்கள். 1952-ல் 81 நோயாளிகளைப் பற்றி இருவரும் எழுதினார்கள். எதிர்பார்த்த விபரீதம் எதுவும் நடக்கவில்லை. (இந்த லௌன்தான் பின்னாளில் அணு ஆயுதத்துக்கு எதிராக டாக்டர்களைத் திரட்டினார். அந்த அமைப்புக்கு 1985-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.)

ஆனாலும் பழக்கம் லேசில் போகுமா? 1955 செப்டம்பர் 24-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு டென்வரில் மாரடைப்பு வந்தது. முதலில் வெளியே சொன்ன செய்தி 'ஜீரணக் கோளாறு'. அடுத்த திங்கட்கிழமை நியூயார்க் பங்குச் சந்தை ஒரே நாளில் 6 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. உலகத்திலேயே பெரிய நாட்டின் தலைவருக்குச் சிறந்த டாக்டர்கள், சிறந்த நர்ஸுகள், ஆக்ஸிஜன் கூடாரம். அவருக்கே ஆஸ்பத்திரியில் சுமார் ஏழு வாரம் ஆனது. பதினோரு வருஷம் கழித்து எங்கள் தாத்தாவைக் கட்டிலோடு கட்டிப் போட்டதில் நம்மூர் டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டாம் கூடாது: நர்ஸ் மெஷினைத் தொடக் கூடாது

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகும் 1950களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலும் எப்படி என்றால், முதல் ஓரிரு நாளில் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடும். இதயம் துடிக்காமல் நடுங்க ஆரம்பித்துவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்குள் அதை நிறுத்தாவிட்டால் மூளை போய்விடும். ஆனால் நோயாளியோ பொது வார்டில் ஏதோ ஒரு மூலைக் கட்டிலில். ரவுண்டு வரும் நர்ஸ் பார்க்கும்போதுதான் விஷயமே தெரியும். அவர் டாக்டரைக் கூப்பிட ஓடுவார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. மார்பின் மேல் மின்சார அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சரியாக்க முடியும் என்று பால் ஜோல் 1956-ல் காட்டிவிட்டார். நெஞ்சை வெளியிலிருந்தே அமுக்கி ரத்த ஓட்டத்தைத் தக்க வைக்கலாம் என்று பால்டிமோரில் கௌவன்ஹோவனும் கூட்டாளிகளும் 1960-ல் எழுதிவிட்டார்கள். இதயத் துடிப்பைத் திரையில் விடாமல் காட்டும் மானிட்டரும் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த மூன்று நிமிடத்துக்குள் பக்கத்தில் இருக்கிற ஆள்.

எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற இளம் டாக்டர் 1961-ல் எளிமையான ஒரு யோசனை சொன்னார். மாரடைப்பு நோயாளிகளை எல்லாம் ஒரே இடத்தில் போடுங்கள். மானிட்டர் மாட்டுங்கள். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை இருபத்திநாலு மணி நேரமும் நிறுத்துங்கள். 1962-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹ்யூஸ் டே அப்படி ஒரு பிரிவைத் திறந்தார். இன்று நாம் சி.சி.யு. என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் ரோஸ் பின்னியோ. அவர் டாக்டர் இல்லை, நர்ஸ். ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற டாக்டரோடு சேர்ந்து இதே காலத்தில் ஒரு சி.சி.யு.வை நடத்தினார். இருபத்திநாலு மணி நேரமும் டாக்டரை நிறுத்த எந்த ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகாது. கட்டில் பக்கத்தில் எப்போதும் இருப்பவர் நர்ஸ்தான். அப்படியானால் ஈ.சி.ஜி.யைப் படிக்கவும், துடிப்பு தாறுமாறானால் டாக்டருக்குக் காத்திருக்காமல் மின் அதிர்ச்சி கொடுக்கவும் அவருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டால் என்ன?

இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அன்றைக்கு இது புரட்சி. ஈ.சி.ஜி. படிப்பது டாக்டர் வேலை. நோயைக் கணிப்பது டாக்டர் வேலை. நர்ஸ் அதைச் செய்தால் சட்டப்படி சரியா, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேள்வி மேல் கேள்வி. நம் பாஷையில் சொன்னால், பெரிய தொகைக்கு மேனேஜர் கையெழுத்து இல்லாமல் கேஷியர் பணம் கொடுக்கலாமா என்பது மாதிரி. ஆனால் இங்கே மேனேஜர் வரும் வரை வாடிக்கையாளர் உயிரோடு இருக்க மாட்டார்!

மெல்ட்சரும் பின்னியோவும் இன்னொரு டாக்டரும் சேர்ந்து 1965-ல் நர்ஸுகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார்கள். பல நாடுகளில் அது பாடப் புத்தகமானது. சி.சி.யு.க்கள் பரவிய பிறகு ஆஸ்பத்திரிச் சாவு நூற்றுக்கு 30 என்ற நிலையிலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. யோசித்துப் பாருங்கள், அடைப்பைக் கரைக்கும் மருந்து அப்போது பழக்கத்தில் இல்லை. ஸ்டென்ட் இல்லை. பாதி உயிர்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு, முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கட்டில் பக்கத்துக்கு நகர்த்தியதுதான்.

நடுவில் ஒரு ராசி பலன்

துடிப்புக் கோளாறில் சாவது குறைந்தது. ஆனால் அடைப்பு அப்படியே இருந்தது. அதை உடைக்கும் மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமி ரத்தக் கட்டியைக் கரைக்கிறது என்று 1933-லேயே வில்லியம் டில்லெட் கண்டுபிடித்திருந்தார். இருந்தும் மாரடைப்புக்கு அது பயன்படும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ள 1986 வரை ஆனது. அந்த வருஷம் இத்தாலியில் சுமார் 11,700 நோயாளிகளிடம் சோதித்து நிரூபித்தார்கள்.

1988-ல் ஆக்ஸ்ஃபோர்ட்காரர்கள் தலைமையில் இன்னும் பெரிய சோதனை: 17,187 நோயாளிகள், 417 ஆஸ்பத்திரிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸ், சாதாரண ஆஸ்பிரின், இரண்டும், இரண்டும் இல்லாமல் என்று நான்கு பிரிவு. ஐந்து வாரத்தில் எதுவும் கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 13 பேர் இறந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். ஆஸ்பிரின் மட்டுமே ஸ்ட்ரெப்டோகைனேஸுக்குக் கிட்டத்தட்ட சமமாக வேலை செய்தது. தலைவலி மாத்திரை!

இதில் ஒரு தமாஷ். நோயாளிகளைப் பலவிதமாகப் பிரித்துக் கணக்குக் காட்டச் சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் வற்புறுத்தியிருக்கிறார்கள். அப்படிக் கூறு போட்டால் தப்பான முடிவு வரும் என்று காட்டுவதற்காக ஆய்வாளர்கள் ராசிப்படி பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தராது என்று வந்தது. அதை அப்படியே அச்சிட்டார்கள். நம்மூர் ஆட்கள் யாராவது இதைப் படித்திருந்தால் பரிகாரத்துக்குக் கிளம்பியிருப்பார்கள்.

இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. சீக்கிரம் கொடுத்தால் பலன் அதிகம், தாமதமானால் தசை செத்துவிடும். 15 லட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் டிரிப்ஸில் ஏற்ற வேண்டும். அப்போது பி.பி. சரசரவென்று இறங்கலாம், எங்காவது ரத்தம் கசியலாம், அலர்ஜி வரலாம். அந்த ஒரு மணி நேரமும் யாராவது பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

2008-ல் என் அப்பாவுக்கு அப்படி நின்றவர் ஒரு மலையாள நர்ஸ். அப்பாவுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வலி. வாயு என்று சோடா குடித்தார். ஓமத் தண்ணீர் குடித்தார். விடிந்தால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தார். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறு மணி. ஏழு மணி நேரம் போச்சு. நான் அப்போது போபாலில் இருந்தேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்ட் பெட்டியில் ஏறி, சென்னையில் பஸ் பிடித்து, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. "அந்தப் பொண்ணு நகரவே இல்லைடா, சாப்பிடக்கூடப் போகலை" என்று அம்மா சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் கூடாது: பலவீன இதயத்துக்கு இந்த மாத்திரை கூடாது

அப்பா பிழைத்தார். ஆனால் ஏழு மணி நேரத்தில் தசை நிறையச் செத்துவிட்டது. இதயம் பெரிதாகி, எக்கோவில் 30 சதவீதம் என்று வந்தது. இதுதான் இதயத் தசை நோய். அடைப்பால் வருவது ஒரு வகை. அடைப்பே இல்லாமல் கிருமி, குடி, பரம்பரை, சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டி என்று வருவதும் உண்டு. காரணம் எதுவானாலும் இதயம் தொளதொளத்த பலூன் மாதிரி ஆகிவிடுகிறது. காலில் நீர், படுத்தால் மூச்சுத் திணறல்.

இருநூறு வருஷங்களாக இதற்கு இருந்த முக்கிய மருந்து டிஜிட்டலிஸ். ஒரு கிழவியின் மூலிகைக் கஷாயத்திலிருந்து அதைப் பிரித்தறிந்து இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் 1785-ல் புத்தகம் எழுதினார். கொஞ்சம் அதிகமானாலும் விஷம். அதனால்தான் டிஜாக்ஸின் கொடுக்கும் முன் நர்ஸ் ஒரு முழு நிமிடம் நாடி பார்ப்பார். 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கேட்பார்.

அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று கார்வெடிலால், 3.125 மில்லிகிராம். பீட்டா பிளாக்கர் வகை. ஊரில் மருந்துக் கடை வைத்திருந்த பெரியப்பா முறை உறவினர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது இதயத்தை இன்னும் தளர்த்திவிடுமே! பலவீனமான இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாதுன்னுதான் நான் படிச்சிருக்கேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவும் இல்லை. நாலு வாரத்தில் காலெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாமல் மறுபடி அட்மிஷன்.

எனக்கு வந்த கோபத்தில் பெரியப்பாவிடம் இரண்டு வருஷம் பேசவில்லை. இப்போது சரித்திரத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுபதுகளில் படித்தவர். எழுபதுகளின் பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

பீட்டா பிளாக்கரைக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால் அதன் வேலையைக் குறைப்போம் என்று யோசித்து, அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுக்கும் மருந்தைத் தேடினார். 1960களில் ப்ரோப்ரனலால் வந்தது. 1988-ல் நோபல் பரிசு. நெஞ்சு வலிக்கு நல்லது. ஆனால் துடிப்பைக் குறைக்கிற மருந்தைப் பலவீன இதயத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1975-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டீன், ஆகே யால்மர்சன் குழுவினர் இதயத் தசை நோய் முற்றிய ஏழு பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழே பேர். அவர்கள் தேறினார்கள். உலகம் நம்பவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் நம்பவில்லை. 1999-ல்தான் இரண்டு பெரிய சோதனைகள் வெளியாயின. ஒன்றில் 2,647 பேர், இன்னொன்றில் 3,991 பேர். இரண்டிலும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பாடப் புத்தகம் தலைகீழானது.

ஏன் என்பதை எங்கள் டாக்டர் விளக்கியது இப்படி. களைத்துப்போன மாட்டைச் சாட்டையால் அடித்தால் நாலு தப்படி வேகமாக நடக்கும், அப்புறம் விழுந்துவிடும். பலவீன இதயத்தை உடம்பு அட்ரினலின் என்ற சாட்டையால் அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த மாத்திரை சாட்டையைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒரே நாளில் பிடுங்கினால் மாடு நின்றுவிடும். அதனால்தான் 3.125-இல் ஆரம்பித்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். பெரியப்பாவின் பாடப் புத்தகத்தில் விட்டுப்போனது அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக'தான்.

இன்னொரு முக்கிய மருந்துக் குடும்பம் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் கிடைத்தது. அந்த ஆராய்ச்சியின் வழியே கேப்டோப்ரில், பிறகு எனலாப்ரில். 1987-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் மிக முற்றிய 253 நோயாளிகளிடம் எனலாப்ரில் ஆறு மாதச் சாவை 40 சதவீதம் குறைத்தது. பாம்பு கடித்தால் பி.பி. விழுந்து சாகிறான் என்ற விஷயத்திலிருந்து ஒரு மாத்திரை!

எடை நோட்டு

இரண்டாம் அட்மிஷனிலிருந்து கிளம்பும்போது ஒரு நர்ஸ் அம்மாவை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதை இல்லை, தண்ணீர். வீக்கம் தெரியும் வரை காத்திருக்காமல் உடனே போன் பண்ணுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். யார் சொன்னாலும் எங்களைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இது அந்த நர்ஸின் கரிசனம் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இதற்குப் பின்னாலும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்தில் 70 வயதுக்கு மேற்பட்ட 282 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நர்ஸ் தலைமையில் சொல்லிக்கொடுத்தல், உணவு ஆலோசனை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தல், போன். புது மருந்து எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் இதயப் பலவீனத்துக்காக மறுபடி அட்மிஷன் ஆவது பாதிக்கு மேல் குறைந்தது.

நாங்கள் வங்கியில் தினமும் சாயங்காலம் கேஷ் டாலி பண்ணாமல் வீட்டுக்குப் போக முடியாது. அம்மா அதேபோல் தினமும் டாலி பண்ணினார். எட்டாம் வகுப்பு படித்த அம்மாவின் கையெழுத்தில் தேதி, எடை, மாத்திரை போட்டாச்சு என்று ஒரு டிக். நடுவில் மூன்று தடவை எடை ஏறி, போன் பண்ணி, நீர் மாத்திரையைக் கூட்டி, ஆஸ்பத்திரி போகாமலே சரியானது. அப்பா 2019 வரை இருந்தார். 30 சதவீத இதயத்தோடு பதினோரு வருஷம்.

இன்றைய கணக்கு

அப்பாவுக்கு மாரடைப்பு வந்த அதே 2008-ல் இந்தியாவைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. 50 நகரங்களின் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 நோயாளிகள். வலி தொடங்கி ஆஸ்பத்திரி சேர ஆன நேரம், நடுவில் நிற்பவரை எடுத்துக்கொண்டால், 360 நிமிடம். ஆறு மணி நேரம்! அப்பா மட்டும் தனியாக முட்டாள்தனம் பண்ணவில்லை. ஒரு மாதத்துக்குள் ஏழைகளில் நூற்றுக்கு 8.2 பேர், வசதியானவர்களில் 5.5 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழை இதயம், பணக்கார இதயம் என்று இரண்டு இல்லை. கிடைத்த மருந்துதான் வேறு.

ஆறுதலான செய்தியும் உண்டு. தமிழ்நாட்டில் 2012-லிருந்து 2014 வரை, சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்து 2,420 நோயாளிகளிடம் ஒரு முயற்சி நடந்தது. ஒரு வருஷச் சாவு நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தது. பிறகு 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு அங்கேயே பதினாலு மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். முதல் மருந்து பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்ற 'கூடாது'ம் இப்படித் தளர்ந்திருக்கிறது. ரோஸ் பின்னியோ ஃபிலடெல்ஃபியாவில் செய்ததன் கிராமத்து வடிவம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நோயாளி மருந்தைத் தேடிப் போகும் தூரம் குறைகிறது.

நம்மைப் போல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு ஒன்று தெளிவாக வேண்டும். அந்த மூன்று நிமிடத்திலும் சரி, அந்த ஆறு மணி நேரத்திலும் சரி, நாம் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. ஃப்ளைட் பிடித்தாலும் இருக்கப் போவதில்லை. பக்கத்தில் இருக்கப்போவது ஒரு நர்ஸ், ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர், ஓர் அடுத்த வீட்டுக்காரர். ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பண்ணும்போது வழக்கமான 'சாப்பிட்டாச்சா' முடிந்த பிறகு மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். நெஞ்சில் பாரமோ, இடது கை வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் சோடா குடிக்க வேண்டாம், நமக்குப் போன் போட வேண்டாம், முதலில் 108. பக்கத்துச் சுகாதார நிலையம் எங்கே, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டட்டும்.

பெரியப்பாவிடம் 2010-லேயே பேச ஆரம்பித்துவிட்டேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கோதன்பர்க் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கு யாரும் புதுப் புஸ்தகம் குடுக்கலையேப்பா" என்றார். அவருக்கும் இப்போது எண்பதை நெருங்குகிறது. அவர் சாப்பிடும் மாத்திரைகளில் கார்வெடிலாலும் ஒன்று. எடை எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.